நான்காம் மாடியின் நிலை ஆற்றல்

ஜூன் 10, திங்கள்

லிஃப்ட்டுக்கு இன்று முத்திரை வைத்துவிட்டார்கள். காலை பதினொரு மணிக்கு மின் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, கதவில் தாள் ஒட்டி, அரக்கு வைத்துப் போனார்கள். மறு ஆய்வு முடியும்வரை யாரும் இயக்கக் கூடாது. முறையான செயல்.

யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள் என்று பிளாக் முழுக்கப் பேச்சு. யார் என்று என் முகத்தைப் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் மார்ச் மாதக் கூட்டத்திலேயே சொன்னேன். லிஃப்ட் பெட்டியின் தரையில் கிரானைட்டும் சுவரில் ஆளுயரக் கண்ணாடியும் பதித்தால் பெட்டி கனத்துப்போகும். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையைக் கூட்டாமல் அதைச் செய்யக் கூடாது என்று. செயலாளர் வெயிலுகந்தான் அத்தனை பேர் முன்னிலையில், "அண்ணாச்சி, நீங்க ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவிய. கிரேன் வேற, லிஃப்ட்டு வேற. கல்லு அழகா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான இயற்பியல் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, பின்னால் உள்ள ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்த்தவன். முப்பத்தொரு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். ஒரு சுமையைக்கூடக் கீழே விட்டதில்லை. ஃபோர்மேன் பதவி மட்டும் டிப்ளமோ வைத்திருந்தவனுக்குப் போனது.

மனைவி கனகாபாய் கேட்டாள்: "நாளைக்கு நான் எப்படிப் போவேன்?"

அவளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். இரண்டு சிறுநீரகமும் செயலற்று மூன்று வருடம் ஆகிறது. போன ஆண்டு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படி இறங்கவும் முடியாது. நாங்கள் இருப்பது நான்காம் மாடி.

ஏற்பாடு செய்கிறேன் என்றேன். மறு ஆய்வு நான்கு நாள் வேலை. அதற்கு மேல் இழுப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

ஜூன் 11, செவ்வாய்

வாழைக்காய் மண்டியில் சுமை தூக்கும் இசக்கிமுத்துவையும் அவன் மச்சானையும் வரச் சொன்னேன். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார்த்தி, இடுப்பைத் துண்டால் கட்டி, இரண்டு பேரும் இறக்கினார்கள். சாய்த்துப் பிடிக்க வேண்டும், நேராகப் பிடித்தால் ஈர்ப்பு மையம் முன்னால் போகும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்ல வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் எடை: முன் 54.3, பின் 52.1. டயாலிசிஸ் சிஸ்டர் வழக்கம்போல, "தாத்தா, இவங்களோட சரியான எடை ஐம்பத்திரண்டு. அதுக்கு மேல ஏறுறது எல்லாம் தண்ணி. ரெண்டு ரெண்டரை கிலோவத் தாண்டக் கூடாது" என்றாள். ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். நான் ஒருமுறை கேட்டால் மறப்பவன் இல்லை.

திரும்பி வந்ததும் படிகளை அளந்தேன். எழுபத்திரண்டு படி, ஒவ்வொன்றும் பதினாறரை சென்டிமீட்டர். ஆக 11.88 மீட்டர். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால், இறங்குவதற்கு முன் கனகாபாயின் நிலை ஆற்றல் 6,322 ஜூல். ஒரு மேரி பிஸ்கட்டில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு யூனிட் மின்சாரத்தில் அவளை ஐந்நூறு தடவைக்கு மேல் மேலே தூக்கலாம்.

கணக்கில் இவ்வளவு சிறியது. இரண்டு ஆண்களுக்கு மூச்சு வாங்குகிறது.

ஜூன் 12, புதன்

காய்கறியில் உள்ள பொட்டாசியம் போக, இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை இறுத்தேன். அலுவலகத்திலிருந்து தகவல் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

முன் 54.6, பின் 52.3.

மாலையில் வெயிலுகந்தான் படியேறி வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"அண்ணாச்சி, சுத்தி வளைக்காமச் சொல்லுதேன். மனுவ வாபஸ் வாங்குறதா ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா, ஆபீசுல பேசிச் சீக்கிரம் திறக்கப் பாக்கலாம். அதுவர எங்க மில்லு ஆளுக நாலு பேர நான் அனுப்புதேன். அக்காவ பூ மாதிரி இறக்கிருவாங்க."

"மனு எழுதினவர்ட்ட போய்க் கேளுங்க" என்றேன்.

"அவருட்டதான் கேக்கேன்."

"தப்பு இருக்கிற லிஃப்ட்ட, தப்பு இல்லன்னு எழுதச் சொல்லுதியளா? உங்க ஆளும் வேண்டாம், உங்க பூவும் வேண்டாம்."

உள்ளேயிருந்து கனகாபாய் குரல் கொடுத்தாள்: "செயலாளரே, அவிய எழுதுனாவளோ இல்லையோ எனக்குத் தெரியாது. எழுதியிருந்தா கணக்குச் சரியாத்தான் இருக்கும். அவிய கணக்கு தப்பாது."

வெயிலுகந்தான் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கப்படுகிறவனைப்போல் பார்த்தார்.

ஜூன் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போக முடியவில்லை. டிவியில் திருப்பலி பார்த்தாள். பனிக்கட்டித் துண்டு ஒன்று கேட்டாள், வாயில் ஒதுக்கிக்கொள்ள. ஒரு நாளுக்கான தண்ணீரை டம்ளரில் அளந்து வைத்திருக்கிறேன். அதில் கழித்துக்கொண்டு கொடுத்தேன்.

பேச்சுவாக்கில், இயற்பியலில் வேலை என்றால் என்ன என்று சொன்னேன். விசை கொடுத்தால் மட்டும் போதாது, பொருள் நகர வேண்டும். நகராவிட்டால் செய்த வேலை பூஜ்யம்.

"அப்ப நாப்பது வருஷம் அடுப்பு முன்னால நின்னேனே?"

"நின்னது மட்டும்னா பூஜ்யம்தான்."

"உங்கள வச்சுக் காலம் தள்ளுனது?"

"தள்ளினது நகர்ந்துச்சா?"

"எங்க நகர்ந்திய? நின்ன இடத்துலதான நிக்கிய" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது இருமல் வந்தது.

ஜூன் 18, செவ்வாய்

முன் 54.9, பின் 52.6.

திரும்ப ஏற்றும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் இசக்கிமுத்து நின்றுவிட்டான். அந்த இடம் குறுகல்; நாற்காலியைத் தரையில் வைக்க முடியாது. தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

"ஐயா, ஏறுறதுகூடப் பெருசு இல்ல. இப்படிப் பிடிச்சிக்கிட்டு நிக்கோம் பாருங்க, இதுதான் வேல" என்றான்.

நான் உள்ளதைச் சொன்னேன். அவன் இப்போது செய்வது வேலையே இல்லை, நாற்காலி நகரவில்லை, ஆகவே பூஜ்யம் என்றேன். கீழே இறக்கும்போது அவன் செய்வதோ எதிர்க்குறி வேலை, அதாவது பூஜ்யத்தைவிடக் குறைவு என்றும் விளக்கினேன். விளங்கிக்கொள்ளட்டும் என்றுதான்.

மேலே கொண்டுவந்து இறக்கினான். துண்டை உதறித் தோளில் போட்டான். அவன் மச்சானைப் பார்த்து, "கேட்டியால? நாம வேலையே செய்யலியாம். அப்புறம் எதுக்கு வரணும்?" என்றான். கனகாபாயிடம் மட்டும், "வாறேன் ஆச்சி, உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறிவியலைச் சொன்னால் கோபப்படுகிறவனை என்ன செய்வது?

ஜூன் 21, வெள்ளி

ஆள் கிடைக்கவில்லை. மண்டியில் நான்கு பேரிடம் கேட்டேன். இசக்கிமுத்து என்ன சொல்லி வைத்தானோ, ஒருவனும் தலை நிமிர்த்தவில்லை.

கனகாபாய், "108-க்கு அடிங்க. மூச்சு முட்டுதுன்னு சொல்லுங்க. வந்து தூக்கிட்டுப் போவாங்க" என்றாள்.

"முட்டுதா?"

"இன்னும் முட்டல."

"அப்ப எப்படிச் சொல்லுறது? அது உயிருக்குப் போராடுறவங்களுக்கு உள்ள வண்டி."

டயாலிசிஸ் போகவில்லை. சிஸ்டர் போனில் கத்தினாள். செவ்வாய் கட்டாயம் வருவோம் என்றேன். வீட்டு எடை இயந்திரத்தில் 55.2.

ஜூன் 22, சனி

55.8. தண்ணீரில் ஒரு டம்ளர் குறைத்தேன். பெயர் குறிப்பிட்டு எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது: மறு ஆய்வு 25ஆம் தேதி காலை பத்து மணிக்கு, மனுதாரர் உடனிருக்கலாம்.

ஜூன் 23, ஞாயிறு

56.4. நிலை ஆற்றல் 6,566 ஜூல். கால் வீங்கியிருக்கிறது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்புகிறது. மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்றேன்.

மனுவின் நகலை எடுத்துப் படித்தேன். ஐந்து பக்கம், இரண்டு படம். கல்லும் கண்ணாடியும் சேர்ந்து தொண்ணூற்றிரண்டு கிலோ. நான்காம் மாடியிலிருந்து கயிறு அறுந்தால் நிலை ஆற்றல் முழுதும் இயக்க ஆற்றலாக மாறி, பெட்டி மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன். பிழை இல்லை.

ஜூன் 24, திங்கள்

57.1. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறாள். இரண்டு தலையணை வைத்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். நாளை பத்து மணிக்கு ஆய்வு. முடிந்ததும் வெயிலுகந்தானுடைய ஆட்களையே கூப்பிடலாம். தப்பு நிரூபணமான பிறகு அவருடைய உதவியை வாங்கிக்கொள்வதில் எனக்கு இழுக்கு இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

ஆய்வுக்கு வந்தது ஒரு பெண் பொறியாளர். முப்பது வயதுகூட இராது. மொட்டை மாடியில் இருக்கும் இயந்திர அறைக்கு என்னையும் வெயிலுகந்தானையும் அழைத்துப் போனாள். கனகாபாயை நாற்காலியில் உட்கார்த்தி, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு நான் ஏறினேன். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று.

அந்தப் பெண் என் மனுவைக் கையில் வைத்திருந்தாள். "ஐயா, படம் ரொம்ப சுத்தமா போட்டிருக்கீங்க" என்றாள். கேலி இல்லை.

"படம் இருக்கட்டும். கணக்கைச் சொல்லுங்க."

"கணக்கும் சரிதான். தொடங்கின இடம்தான் வேற. எதிர் எடை வெறும் பெட்டிக்குச் சமமா இருக்கும்னு எடுத்திருக்கீங்க. அப்படி வைக்க மாட்டோம். பெட்டியோட எடை, அதோட உள்ள ஏறுற ஆளுக எடையில பாதி, ரெண்டும் சேர்ந்ததுதான் எதிர் எடை. இது எட்டுப் பேர் லிஃப்ட். நீங்க சொல்ற தொண்ணூத்திரண்டு கிலோவைச் சேர்த்தாலும் எதிர் எடைதான் இன்னும் நூத்தெண்பது கிலோ அதிகம். கயிறு அறுந்தாலும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற கருவி இருக்கு. அதையும் இப்ப சோதிச்சுட்டேன்."

"காகிதத்துல எதையும் சொல்லலாம்."

"காட்டுறேன் ஐயா. கிரேன்ல எதிர் எடையை வெறும் கொக்கிக்கா வச்சிருந்தாங்க? தூக்கப்போற சுமைக்கும் சேர்த்துத்தானே?"

காலிப் பெட்டி முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினாள். பிரேக்கை விடுவிக்கும் கைப்பிடியை என்னிடமே கொடுத்து, மெதுவாக அழுத்தச் சொன்னாள். பெட்டி கனமென்றால் கீழே இறங்க வேண்டும். அழுத்தினேன். கயிற்றில் பூசியிருந்த வெள்ளைக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே போனது.

கல், கண்ணாடி எல்லாவற்றோடும், யாரும் தூக்காமல், மேலே போனது.

வெயிலுகந்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் சான்றிதழ் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை முத்திரை இருக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். கீழே போனார்கள்.

நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் எதிர் எடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எதற்காக இருக்கிறது என்று தெரியவில்லை.

வெயிலுகந்தான் மறுபடியும் ஓடி வந்தபோதுதான் எழுந்தேன். "அண்ணாச்சி! இங்கயா இருக்கிய? அக்கா கதவத் தட்டுன சத்தம் கேட்டுத் திறந்தேன். பேச்சு வரல. வாங்க!"

கதவை வெளியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனது நான்தான், காற்றில் அடிக்காமல் இருக்கட்டும் என்று. நாற்காலியிலிருந்து கதவுவரை எப்படி வந்தாளோ தெரியாது. வெளியிலிருந்து திறந்து, தரையில் சாய்ந்து கிடந்தவளைப் பார்த்துவிட்டுத்தான் வெயிலுகந்தான் மேலே ஓடி வந்திருக்கிறார். உதடு நீலமாக இருந்தது. தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி மூச்சில் சத்தம்.

108-க்கு அவர்தான் அடித்தார். வண்டியில் வந்தவர்கள் இரண்டு பேர். நானும் வெயிலுகந்தானும் சேர்ந்து நாற்காலியைப் பிடித்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில், முன்னால் போனவர் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்ய நின்றார். நாங்கள் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம் இருக்கும். விட்டுவிடுவேன் என்று நினைத்தேன். "அண்ணாச்சி, விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார் வெயிலுகந்தான். விடவில்லை.

புத்தகத்தின்படி அந்த நிமிடத்தில் நான் செய்தது ஒன்றும் இல்லை.

ஜூன் 26, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவு. ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். இதயம் களைத்துப்போனது என்கிறார் டாக்டர். வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். முகமூடியை விலக்கிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "லிஃப்ட்டுல தப்பக் கண்டுபிடிச்சாங்களா?"

பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம், "எங்க வீட்டுக்காரவிய கண்டுபிடிச்சது. இல்லன்னா எத்தன உசுரு போயிருக்கும்" என்றாள். சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அவளுக்கு அது மருந்தாக இருந்திருக்கும்.

"மனு நான்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும். நாலு நாளு அளவுகோல வச்சுக்கிட்டு என்ன, கோலமா போட்டிய?"

"லிஃப்ட் சரியா இருக்கு. தப்பு என் கணக்குல."

அவள் முகமூடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்து நிமிடம் முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 29, சனி

இன்றும் பேசவில்லை. சிஸ்டரிடம் பேசுகிறாள்.

ஜூலை 1, திங்கள்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றார். திங்கள், புதன், வெள்ளி. அதன் பிறகு வேறொன்றும் சொன்னார். எவ்வளவு காலம் என்று நான் கேட்டதற்கு ஓர் எண் சொன்னார்.

மண்டிக்குப் போய் இசக்கிமுத்துவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "சுமையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது தசைக்குள்ள ஆற்றல் செலவாகுது, புத்தகத்துல அதைத் தனியா..." என்று தொடங்கினேன். அவன் கும்பிட்டான். "ஐயா, ஆச்சி பிழைச்சிட்டாவளா? அத மட்டும் சொல்லுங்க." பிழைத்துவிட்டாள் என்றேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜூலை 3, புதன்

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு விட்டார்கள். எடை 51.8.

லிஃப்ட் நேற்றே திறந்துவிட்டார்கள். வாசலில் வெயிலுகந்தான் சக்கர நாற்காலியோடு நின்றார். லிஃப்ட்டுக்குள் தள்ளினார். நான் பின்னால் ஏறப் போனேன். கனகாபாய் கையை நீட்டிக் கதவை மறித்தாள். ஆறு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"நீங்க படியில வாங்க."

"என்னக்கா இது, அண்ணாச்சிக்கு முழங்கால் வலி" என்றார் வெயிலுகந்தான்.

"இருக்கட்டும். இது அவிய நம்பாத லிஃப்ட்டுலா. கதவச் சாத்துங்க."

கதவு மூடியது. நான் படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று. வீட்டுக்குள் போனபோது அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5, வெள்ளி

முன் 53.4, பின் 52.0. நல்ல அளவு.

இறங்கும்போதும் படி. ஏறும்போதும் படி. மூன்றாம் மாடியில் இரண்டாம் முறை நின்றபோது, எனக்கு மேலே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தமும், அவள் வெயிலுகந்தானிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"இது எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன்.

"எது?"

"நான் படியேறுறது."

அவள் பனிக்கட்டித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தாள்.

"நான் இருக்கிற வர" என்றாள்.

டாக்டர் சொன்ன எண்ணை இந்த நோட்டில் எழுதவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. திங்கள், புதன், வெள்ளி. ஒரு நாளைக்கு இறங்க எழுபத்திரண்டு, ஏற எழுபத்திரண்டு. எத்தனை வாரமானாலும் ஏறுவேன். எண்ண வேண்டாம்.

நாளைக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும். பெரிய பாட்டில்.